முன்டயர் வீட்டிலேயே மாத்தினது, 70-ல ஹேண்டில் ஆடுது: வெயிட் கூட்டணுமா?

காட்பாடி ரைடர்:
பல்சர் 150 சிங்கிள் டிஸ்க், முன்டயர் 80/100-17 ட்யூப்லெஸ். கால் பம்புல காத்து ஏத்தி, ஆக்ஸிலை ரெண்டு ஸ்டூல் மேல வெச்சு பேலன்ஸ் பார்த்து ரிம்ல 20 கிராம் வெயிட் ஒட்டியாச்சு. 50 வரைக்கும் சுத்தமா போகுது. வேலூர் பைபாஸ்ல 70 தாண்டினா ஆட்டம். இன்னும் 10 கிராம் ஒட்டிப் பார்க்கலாமா?

ஆற்காடு ஸ்பேனர்:
வெயிட்டைத் தொடாதீங்க. பீடிங், அதாவது ரிம்ல உக்கார்ற டயரோட உள் விளிம்பு, முழுசா உக்காந்திருக்கான்னு முதல்ல பாருங்க. ரிம் ஓரத்தை ஒட்டி டயர்ல மெல்லிசா ஒரு கோடு சுத்தி ஓடும். ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் இடைவெளி சுத்திலும் ஒரே அளவா இருக்கணும். ஒரு இடத்துல கோடு உள்ளே போயிருந்தா டயர் வட்டமா ஓடாது, எத்தனை கிராம் ஒட்டினாலும் ஆட்டம் நிக்காது. ரெண்டு பக்கமும் பாருங்க. டயர்ல இருக்கற அம்புக்குறி ஓடற திசைக்கு இருக்கான்னும் பார்த்துடுங்க.

ஆம்பூர் 350:
காத்தழுத்தம் 60 பி.எஸ்.ஐ. ஏத்துங்க, தானா உக்காந்துடும்.

ஆற்காடு ஸ்பேனர்:
60 வேணாம்ங்க, பீடிங் கம்பி அறுந்தா கை போயிடும். 40-ஐத் தாண்டாதீங்க. டயர்ல அதைவிடக் கம்மியா போட்டிருந்தா அதான் எல்லை. 40-லயும் உக்காரலைன்னா காத்தை முழுசா இறக்கி, பீடிங்கை உள்ளே தள்ளி, சோப்புத் தண்ணி தாராளமா தடவுங்க. கிரீஸ், ஆயில் கூடாது, ரப்பர் கெடும், டயர் ரிம்லயே வழுக்கும். வால்வு ஊசியைக் கழட்டிட்டு கம்ப்ரஸர்ல காத்து விட்டா ரெண்டு 'டப்' சத்தம் கேக்கும். கால் பம்புல காத்து மெதுவா வர்றதால ஒரு பக்கம் மட்டும் ரிம் நடுக்குழியிலேயே நின்னுடும். அப்புறம் ஊசியைப் போட்டு 25-க்கு இறக்குங்க. மாத்தறதுக்கு முன்னாடி டயரை அரை மணி வெயில்ல போட்டு வைக்கலாம், நம்ம வெயிலூர் வெயில் அதுக்காவது உதவட்டும்.

குடியாத்தம் கேரேஜ்:
பேலன்ஸ் பார்த்த முறையிலயும் சந்தேகம். ஆக்ஸில் ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா இருக்கணும், ஸ்பீடோ கியரை (ஸ்பீடோமீட்டருக்காக சக்கரத்துல இருக்கற கியர்) கழட்டியிருக்கணும். ஆயில் சீல் (ஆக்ஸிலைச் சுத்தி இருக்கற ரப்பர் வளையம்) இறுக்கமா இருந்தா சக்கரம் பாதியிலேயே நின்னு பொய் சொல்லும். மெல்லமா சுத்தி விடுங்க. மூணு தடவையும் ஒரே இடம் கீழ வந்தா அதான் கனமான இடம், அதுக்கு நேர் எதிர்ல வெயிட். முதல்ல டேப்ல ஒட்டி, அந்த வெயிட்டை 3 மணி, 9 மணி நிலையில நிறுத்திப் பாருங்க. சக்கரம் நகராம நின்னா ரிம்மை பெட்ரோல்ல துடைச்சு ஒட்டிடலாம். 50 கிராமுக்கு மேல கேட்டா, டயரை ரிம்ல அரைச்சுத்து திருப்பிப் போடறதுதான் சரி. சக்கரம் வெளிய இருக்கும்போது பிரேக் லிவரைப் பிடிக்காதீங்க, ரெண்டு பிரேக் பேடுக்கு நடுவுல அட்டை சொருகி வைங்க. டிஸ்க் பக்கம் தரையில படுக்கவெச்சு நெம்பினா டிஸ்க் வளையும், அதுவும் ஆட்டத்துக்கு ஒரு காரணம்.

காட்பாடி ரைடர்:
பார்த்தாச்சு. இடது பக்கம், வால்வுக்கு நேர் எதிர்ல ஒரு சாண் நீளத்துக்குக் கோடே தெரியல. டிஸ்க் நேராத்தான் இருக்கு.

ஆற்காடு ஸ்பேனர்:
அதேதான். உக்கார வெச்சதும் அந்த 20 கிராமைப் பிச்சுட்டு பேலன்ஸை முதல்ல இருந்து பாருங்க. பழைய வெயிட் இப்போ தப்பான இடத்துல இருக்கலாம்.