போம்பா ஆட்டத்தில் முரசும் பாதமும் எப்படி ஒத்துப்போகின்றன?

கேள்வி:
கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த, நியூயார்க்கில் வாழும் கலைஞர்களின் போம்பா நிகழ்ச்சி ஒன்றை அண்மையில் பார்த்தேன். ஆடிய பெண்மணி பாவாடை ஓரத்தை வீசிய போதெல்லாம், அந்த நொடியே ஒரு முரசில் அடி விழுந்தது. நட்டுவனாரின் சொற்கட்டுக்கு மிருதங்கமும் பாதமும் சேர்ந்து செல்வதைக் கண்டு பழகிய எனக்கு, இது ஒத்திகை பார்த்த ஜதியா, அங்கேயே பிறப்பதா என்று விளங்கவில்லை. தீவை விட்டு வந்தவர்கள் இதை எவ்வாறு கற்பிக்கிறார்கள்?

மறுமொழி 1:
அங்கேயே பிறப்பதுதான். தாழ்ந்த நாதமுடைய புலேயாடோர் என்னும் பீப்பாய் முரசு சிக்கா, யூபா போன்ற தாளங்களில் ஒன்றை மாறாமல் வாசித்துக்கொண்டிருக்க, உச்ச நாதமுடைய பிரிமோ முரசை வாசிப்பவர் ஆடுபவரைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். முரசை வணங்கிவிட்டு ஆடத் தொடங்குபவர் தோளாலும் பாதத்தாலும் பாவாடை வீச்சாலும் இடும் ‘பிக்கேத்தே’ என்னும் ஒவ்வொரு அசைவுக்கும் அவர் உடனுக்குடன் அடியால் விடை சொல்லியாக வேண்டும். பீப்பாயின் பக்கத்தில் குச்சிகளால் தட்டும் குவா, மராக்கா என்னும் ஒரு கிலுகிலுப்பை, முன்பாட்டு, பின்பாட்டு ஆகியவை உடன் சேரும். கரும்புத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் வளர்த்த கலை இது. தாளத்தை நடத்தும் உரிமை ஆடுபவரிடம் இருப்பதையே நான் இதன் உயிராகக் கருதுகிறேன்.

மறுமொழி 2:
கற்பித்தலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹுவான் குத்தியேரெஸ் 1983இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘லோஸ் பிளெனெரோஸ் தே லா 21’ குழு, மூத்த கலைஞர்களையும் இளையவர்களையும் ஒன்றாக மேடையேற்றியதோடு நில்லாமல், கிழக்கு ஹார்லெமில் வகுப்புகளும் நடத்திவருகிறது. கையில் ஏந்தி வாசிக்கும் பந்தெரேத்தா முரசுகளோடு ஊர்ச் செய்திகளையே பாட்டாக்கும் பிளேனாவும் அங்கே கற்பிக்கப்படுகிறது. குத்தியேரெஸுக்கு 1996இல் அமெரிக்காவின் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தது. புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள் என்பதால் சட்டப்படி இவர்கள் வெளிநாட்டவர் அல்லர். ஆனாலும் மொழியும் தட்பவெப்பமும் வேறான நகரத்தில் ஒரு தீவின் கலையைக் காப்பதற்கான உழைப்பு குறைந்துவிடாது.

மறுமொழி 3:
மேடையில் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள் என்று அன்போடு வேண்டுகிறேன். அங்கே ஆடுபவர் அவையை நோக்கித் திரும்ப நேர்கிறது. போம்பாவிலோ அவர் பார்க்க வேண்டியது பிரிமோவை. நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் தோட்டமும் மரவீடுமாக அமைத்துக்கொண்ட ‘லா காசிதா தே சேமா’ போன்ற இடங்களில் வட்டமாகக் கூடுவார்கள். முதலில் பின்பாட்டில் சேர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் ஆடி முடித்து முரசை வணங்கி விலகிய பிறகு, நீங்களும் உள்ளே செல்லலாம்.