யாழ்ப்பாணத்திலிருந்து பிரெஞ்சு மொழிப் படங்கள்: எங்கள் அனுபவங்கள்

நல்லூரிலிருந்து

பாரிசில் இருக்கும் கணவரிடம் போய்ச் சேருவதற்கு முன் காதைப் பழக்கிக்கொள்ள வேண்டும், அதற்கு இங்கிருந்தபடியே பிரெஞ்சு மொழிப் படங்களை எங்கே பார்க்கலாம் என்று சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். நானும் அதே தேவையோடு தேடி அலைந்தவள் என்பதால், எனக்குப் பயன்பட்டவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தியேட்டர்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ராஜா தியேட்டரிலும் கார்கில்ஸ் சதுக்கத்தில் உள்ள மஜெஸ்டிக் சினிபிளெக்சிலும் தமிழ்ப் படங்களே பெரும்பாலும் ஓடுகின்றன; இடையிடையே ஆங்கிலப் படம் வரும். பிரெஞ்சுப் படம் ஒன்று வழக்கமான காட்சிக்கு வந்ததாக நான் அறியவில்லை. பெரிய திரையில் பார்க்க விரும்புகிறவர்கள், 2015 முதல் இங்கு நடந்துவரும் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவின் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளின் படங்கள் அங்கே வருவதால், பிரெஞ்சு பேசும் நாடுகளின் படங்களும் அவற்றுள் இருக்கின்றனவா என்று ஒவ்வோர் ஆண்டும் தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

அடுத்தது அலியான்ஸ் பிரான்சேஸ். 1883இல் பாரிசில் தொடங்கப்பட்டு உலகெங்கும் கிளை பரப்பிய அந்த அமைப்புக்கு யாழ்ப்பாணத்திலும் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கு படக்காட்சி எப்போது நடக்கும் என்பதை முகநூலில் தேடுவதைவிட நேரே போய்க் கேட்பதே நல்லது. மார்ச் 20 பிரெஞ்சு மொழிக்குரிய சர்வதேச நாள் என்பதால், அந்த மாதத்தில் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். போகிறபோது கல்ச்சர்தெக் என்னும் இணைய நூலகத்தைப் பற்றியும் விசாரியுங்கள். பிரெஞ்சு அரசின் பண்பாட்டு நிறுவனம் நடத்தும் அந்த நூலகத்தில் அலியான்ஸ் உறுப்பினர்கள் நூல்கள், சஞ்சிகைகள், இசை, காணொளி எனப் பலவற்றையும் பார்க்க முடியும். வகுப்புக்குப் போகிற பலருக்கே இப்படியொன்று இருப்பது தெரிவதில்லை.

இனி வீட்டில் பார்ப்பதைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு மிகவும் உதவியது டிவி5மொந்த் பிளஸ். பிரெஞ்சு மொழிக்கான சர்வதேசத் தொலைக்காட்சியான டிவி5மொந்த் 2020இல் தொடங்கிய இந்தத் தளத்தில் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. படங்கள், தொடர்கள், ஆவணப்படங்கள் எல்லாம் இருக்கின்றன. பலவற்றுக்குப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சப்டைட்டில் உண்டு. காட்சி உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், பாரிசில் இருக்கும் உறவினர் சொன்ன படம் இங்கே கிடைக்காமல் போகலாம். அதற்காகச் சோர்ந்துவிடாமல், இங்கிருந்து திறக்கும்போது என்னென்ன வருகின்றன என்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள். பிரெஞ்சுப் படங்களை வெளிநாடுகளில் பரப்பும் யுனிபிரான்ஸ் அமைப்பு 2011 முதல் இணையத்தில் நடத்திவரும் மைபிரெஞ்ச்பிலிம்பெஸ்டிவல் என்னும் திரைப்பட விழா பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வரும். அதில் உள்ள குறும்படங்களை நான் மிகவும் விரும்புவேன், ஏனென்றால் ஒரு குறும்படத்தை அன்றிரவே மறுபடியும் பார்த்துவிடலாம், முதல் முறை காதில் விழாத சொற்கள் இரண்டாம் முறை விழுவதை நீங்களே உணர்வீர்கள்.

நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியிலிருந்து இலங்கையில் கிடைக்கிறது. அங்கே மொழியைக் கொண்டு தேடும் வசதி இருந்தாலும், வருபவை எல்லாம் பிரெஞ்சில் எடுக்கப்பட்டவை அல்ல. கொரியத் தொடருக்கும் அமெரிக்கப் படத்துக்கும் பிரெஞ்சில் குரல் கொடுத்து வைத்திருப்பார்கள். மொழி பழகுகிறவர்கள் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. உதட்டசைவும் ஒலியும் பொருந்தாதபோது, பேச்சை விளங்கிக்கொள்ளக் கண் செய்யும் உதவி இல்லாமல் போய்விடுகிறது. பிரெஞ்சு சப்டைட்டில் பட்டியலில் தென்படாவிட்டால், உங்கள் கணக்கில் மொழித் தெரிவைப் பிரெஞ்சுக்கு மாற்றிப் பாருங்கள். சில நேரங்களில் அப்போது அது வந்துவிடும்.

கொக்குவிலிலிருந்து

மேலே எழுதிய அக்காவோடு நான் உடன்படுகிறேன். ஆனால் பிரெஞ்சுப் படம் என்றதும் எல்லோரும் பிரான்சை மட்டுமே நினைப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1939இல் அமைக்கப்பட்டது. அதன் பிரெஞ்சு இணையத்தளத்தில் ஆவணப்படங்களையும் அசைவூட்டப் படங்களையும் இலவசமாகப் பார்க்கலாம். மொன்ரியலில் இருக்கும் மாமா சொல்லித்தான் எனக்கு அது தெரியவந்தது. கியூபெக் உச்சரிப்பு பாரிஸ் உச்சரிப்பிலிருந்து வெகுவாக வேறுபட்டது என்பதால், பிரான்சுக்குப் போகிறவர்கள் அதிலேயே தொடங்க வேண்டாம், ஆனால் மொன்ரியலுக்குப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பெல்ஜியத்தின் தார்தென் சகோதரர்களும் செனகலின் உஸ்மான் செம்பேனும் பிரெஞ்சு மொழியில் படம் எடுத்தவர்கள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கில சப்டைட்டிலை வாசிக்கவும் இயலாது. அதனால் நான் பார்க்கும் படங்களில் அவருக்கு ஈடுபாடு இருந்ததில்லை. அவர் முழுமையாக இருந்து பார்த்த படம், பிரான்சுக்கு அகதிகளாகப் போகும் ஈழத்தமிழரைப் பற்றிப் பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்த 'தீபன்'. 2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற அந்தப் படத்தில், அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார். உரையாடலில் பெரும்பகுதி தமிழ். பிரெஞ்சில் பேசும் இடங்களில் அந்தப் பாத்திரங்களுக்கு எவ்வளவு விளங்கியதோ அவ்வளவுதான் அம்மாவுக்கும் விளங்கியது. நான் மொழிபெயர்த்துச் சொல்ல முயன்றபோது, வேண்டாம், பேசாமல் இரு என்று கையமர்த்திவிட்டார். வெளிநாட்டுக்குப் போன தம் தம்பி முதல் ஆண்டுகளில் எப்படி வாழ்ந்திருப்பான் என்பதைப் பற்றி அன்று இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். படத்தின் பிற்பகுதி வன்முறை மிகுந்தது. சிறுவர்களோடு பார்க்க ஏற்றதல்ல. பாரிசின் லா ஷப்பல் பகுதித் தமிழரை வைத்து லாரன்ஸ் வலின் இயக்கிய 'லிட்டில் ஜாஃப்னா' 2024இல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டது. பிரெஞ்சும் தமிழும் கலந்த அந்தப் படத்தை அம்மாவோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பருத்தித்துறையிலிருந்து

நான் நீண்ட காலம் பிரான்சில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். பிள்ளை கேட்ட கேள்விக்கு, இணையத்தை விட்டு வேறொரு வழியைச் சொல்கிறேன். அங்கிருந்து விடுமுறைக்கு வருகிற உறவினர்களிடம் டிவிடி கொண்டுவரச் சொல்லுங்கள்; பழைய படங்கள் அங்கே மலிவாகக் கிடைக்கும், இங்கே டேட்டா முடிந்துவிடுமே என்ற கவலையும் இல்லை. ஆனால் இரண்டு விடயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டிவிடிகளை உலகின் எந்தப் பகுதிக்கு உரியவை என்று வலய எண் இட்டு விற்கிறார்கள்; பிரான்சின் டிவிடிகள் வலயம் 2ஐச் சேர்ந்தவை, நமது வலயம் 5. ஆகவே இங்குள்ள சில டிவிடி இயக்கிகள் அவற்றை ஏற்பதில்லை. கணினி இயக்கியின் வலயத்தை மாற்றலாம் என்றாலும் பெரும்பாலானவற்றில் ஐந்து முறைக்கு மேல் மாற்ற முடியாது என்பதால், யோசித்துச் செய்யுங்கள். மற்றது, பிரான்சின் உள்ளூர் விற்பனைக்கான டிவிடிகள் பலவற்றில் ஆங்கில சப்டைட்டில் இருக்காது; செவிப்புலன் குறைந்தவர்களுக்கான பிரெஞ்சு சப்டைட்டில் மட்டுமே இருக்கும்.

இதைக் குறையாக எண்ண வேண்டாம். ஆங்கிலத்தை வாசித்துக்கொண்டே பிரெஞ்சைக் கேட்பவரின் மனம் ஆங்கிலத்திலேயே நின்றுவிடுகிறது என்பதை என் மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கண்டேன். பிரெஞ்சு எழுத்தையும் பிரெஞ்சு ஒலியையும் ஒன்றாகப் பின்தொடரும்போதுதான், எழுத்தில் இருந்தும் ஒலிக்காதவை எவை, பேச்சில் விழுங்கப்படுபவை எவை என்பது பிடிபடுகிறது. எதிர்மறை வாக்கியத்துக்கு இரண்டு சொற்கள் வேண்டும் என்று வகுப்பில் கற்பிப்பார்கள்; வீதியில் பேசுகிறவர்களோ முதற்சொல்லைப் பெரும்பாலும் சொல்வதே இல்லை. இதைப் படம் பார்த்துத் தெரிந்துகொண்டு போகிறவர், விமான நிலையத்தில் இறங்கிய நாளிலேயே திகைக்க மாட்டார்.

கணினியில் பார்ப்பதற்கு விஎல்சி போதும். பாரிசுப் பகுதியில் உள்ள எக்கோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்த இலவச மென்பொருள் அது. சப்டைட்டில் ஒலிக்கு முந்தியோ பிந்தியோ வந்தால், ஜி, எச் விசைகளை அழுத்திச் சரிசெய்யலாம்; பேச்சு விரைவாக இருந்தால் வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம். தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் கதைகளையே தெரிவு செய்யுங்கள், பொலிஸ் கதைகளில் வரும் கொச்சைச் சொற்கள் அங்கேயே வாழ்ந்த எனக்கும் சில வேளைகளில் விளங்குவதில்லை.

என்னிடம் ஒரு பெட்டி நிறைய டிவிடிகள் இருக்கின்றன. பருத்தித்துறை, நெல்லியடிப் பக்கம் இருப்பவர்கள் இங்கே ஒரு வரி எழுதினால், இரவலாகத் தருகிறேன். பார்த்து முடித்ததும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, யாரிடம் கொடுத்தீர்கள் என்பதை மட்டும் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.