தடுப்புச்சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது, பூசினால் போதுமா? (கோத்தகிரி)

கேள்வி:
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் சரிவில் எங்கள் வீடு. முற்றத்து மண்ணைத் தாங்க 10 அடி உயரக் கருங்கல் சுவர், கட்டி எட்டு வருஷம். ஐப்பசி மழைக்கு அப்புறம் நடுவில் வயிறு தள்ளிவிட்டது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் 5 செ.மீ. வெளியே நிற்கிறது. படுக்கைவாட்டில் ஒரு விரிசல். மேலே சுவரோரம் மண் இறங்கி விரல் நுழையும் அளவு இடைவெளி. விரிசலை அடைத்துச் சிமென்ட் பூசினால் போதும் என்கிறார் மேஸ்திரி. சுவர் கனம் போதாததுதான் காரணமா? கீழே அண்ணன் குடும்பம் இருக்கிறது, பயமாக இருக்கிறது.

பதில் 1:
தயவுசெய்து பூச வேண்டாம் சார். சுவரில் வீப் ஹோல் (பின்னால் சேரும் தண்ணீர் வெளியேறும் துளை) உண்டா? மழையில் அதில் தண்ணீர் வந்ததா? கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? பின்னால் நிரப்பியது என்ன மண்?

கேட்டவர்:
எட்டுத் துளைகள் இருக்கின்றன. ஒன்றிலும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை, அதனால் பின்னால் ஈரம் இல்லை என்று நினைத்தேன். கூரைக் குழாய் முற்றத்து மூலையில்தான் விழுகிறது. நிரப்பியது வீட்டுக்கு வானம் தோண்டிய செம்மண். போன வருஷம் அதன் மேல் கார் நிறுத்தத் தளம் போட்டோம்.

பதில் 1:
அடைமழையிலும் துளை காய்ந்து கிடந்தது என்றால் அது அடைபட்டிருக்கிறது. தண்ணீர் உள்ளேதான் நிற்கிறது.

கணக்கைப் பாருங்கள். 3 மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும், நன்றாக வடியும் மண் ஏறக்குறைய 27 கிலோநியூட்டன் விசையோடு தள்ளும், அதாவது 2.7 டன். அதே மண்ணில் உச்சிவரை தண்ணீர் நின்றால், தண்ணீர் மட்டுமே 44 கிலோநியூட்டன் தள்ளும். தண்ணீர் மண்ணை மேலே தாங்குவதால் மண்ணின் பங்கு 12 முதல் 15 ஆகக் குறையும், ஆனாலும் மொத்தம் இரண்டு மடங்கு. கனமான சுவரும் இதற்குத் தாங்காது. செம்மண் தண்ணீரை லேசில் விடாது, ஊறினால் பலமும் இழக்கும். அடியில் ஊறினால் அஸ்திவாரத்தின் பிடிமானமும் குறையும். இத்தனைக்கும் மேல் காரின் பாரம்.

பதில் 2:
எங்கள் சுவரும் இப்படித்தான் தள்ளியது. பூசி மறைத்தோம், அடுத்த மழையில் ராத்திரி விழுந்தது. கீழே யாரும் இல்லாததால் தப்பித்தோம். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சுற்றுச்சுவர் இடிந்து 17 பேர் போனதை நினைத்துப் பாருங்கள். முதலில் அண்ணன் குடும்பத்தைச் சுவர்ப்பக்க அறைகளிலிருந்து மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பதில் 1:
ஆமாம், அதுதான் முதல் வேலை. இன்றே காரை எடுங்கள், கூரைக் குழாயைச் சுவருக்கு அப்பால் திருப்புங்கள், இடைவெளியைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். சுவரடியில் தோண்டவோ, துளையைச் சுத்தியலால் அடித்துத் திறக்கவோ வேண்டாம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள்.

வயிறு தள்ளிய கல் திரும்ப உள்ளே போகாது. மண் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் சொல்கிறபடி, மழை விட்ட பிறகு மேலிருந்து அடுக்கடுக்காக மண்ணை எடுத்துப் பாரம் குறைத்துத்தான் சுவரைப் பிரிக்க வேண்டும். புதிய சுவரின் பின்னால் ஒன்றரை அடி அகலத்துக்கு ஜல்லி, அதில் மண் கலக்காமல் தண்ணீரை மட்டும் விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி, அடியில் துளையிட்ட பிவிசி குழாய், மீட்டருக்கு ஒரு வீப் ஹோல்.

கேட்டவர்:
குழாயைத் திருப்பிவிட்டேன். அண்ணன் வீட்டில் பின்னறை காலி. கோடும் போட்டாயிற்று. சனிக்கிழமை பொறியாளர் வருகிறார். நேற்று ராத்திரி மழை, காலையில் பார்த்தேன், விரிசல் கோட்டைத் தாண்டவில்லை.