நாலு வட்டம்: தலசீமியா கேரியர் தம்பதிகளின் அனுபவம்

இரவுப்பறவை:
எங்களுடையது தாய்மாமன் கல்யாணம். இருவருமே தலசீமியா கேரியர், அதாவது நோய் இல்லாமல் அந்தப் பரம்பரை ரத்த நோயின் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள். பெரியவனுக்கு அதன் கடுமையான வகையான தலசீமியா மேஜர், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். இரண்டாவது உண்டானதும் கவுன்சிலிங் போனோம். டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் நாலு வட்டம் போட்டு, நோய்க்கு ஒன்றை முழுக்கக் கறுப்பாக்கி, கேரியருக்கு இரண்டைப் பாதி தீட்டி, இரண்டும் இல்லாததற்கு ஒன்றை வெறுமனே விட்டார். மாமியார், அதாவது என் ஆச்சி, கறுப்பு வட்டத்தில் விரலை வைத்து, "இதுதான் பெரியவனுக்குப் போயிடுச்சே, இனி மூணும் நல்லதுதானே?" என்றார். ஒவ்வொரு தடவையும் சீட்டைப் புதுசாகக் குலுக்கிப் போடுவது மாதிரிதான் என்றார் டாக்டர். ஆச்சி அந்தச் சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். அவரிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோதான் இது என் அம்மா வழியாக எனக்கும், நேரே என் கணவருக்கும் வந்திருக்க வேண்டும். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. 12வது வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்த்தார்கள். குழந்தை கேரியர் மட்டும்தான் என்று வந்தது. பெண் பிறந்தாள்.

கரிசல்காடு:
இதுக்குத்தான் சொந்தத்தில் கட்டாதீர்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொள்கிறோம். என் சித்தப்பா வீட்டிலும் இதே கதை.

தேங்காய்ப்பூ:
கரிசல்காடு, நாங்கள் காதல் கல்யாணம், வேறு வேறு சாதி. இருவருமே கேரியர். சொந்தம் என்றால் வாய்ப்பு கூடும், சரி. அசலில் கட்டினால் தப்பித்தோம் என்று யார் சொன்னது? எனக்கு ஹெச்பி (ஹீமோகுளோபின்) 9. மாசக்கணக்கில் இரும்புச் சத்து மாத்திரை, ஏறவே இல்லை. எம்.சி.வி., அதாவது ரத்தச் சிவப்பணுவின் சராசரி அளவு, 64 என்று குறைவாக ரிப்போர்ட்டிலேயே இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. கர்ப்பத்தின் 19வது வாரத்தில்தான் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை எனக்கு 5.4 சதவீதம், அவருக்கு 5.1 என்று தெரிந்தது. பனிக்குட நீர் எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில், விஷயம் தெரியாத அம்மா தினமும் போனில் வளையல் அளவு கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவைச் சொல்ல இன்னும் மனசு வரவில்லை.

மலைத்தேன்:
எனக்குப் பெரிய கதை இல்லை, நான் கேரியர், கணவர் இல்லை. ஆனால் ஒன்று. மனைவிக்கு ரிசல்ட் வரட்டும், அப்புறம் கணவருக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், இரண்டு பேரும் ஒரே நாளில் ஹெச்.பி.எல்.சி. (ஏ2 அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கொடுங்கள். ஏ2 3.5க்கு மேல் என்றால் பெரும்பாலும் கேரியர்தான். இரும்புச் சத்து ரொம்பக் குறைவாக இருந்தால் ஏ2 இறங்கிக் காட்டும், அதையும் டாக்டரிடம் கேளுங்கள். திசுப் பரிசோதனை 11வது வாரத்திலிருந்தே செய்யலாம், பனிக்குட நீருக்கு 15 வாரம் ஆகவேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தத்துக்குப் பிறகும், கலைக்க வேண்டிவந்தால், 24 வாரம் தாண்டினால் மருத்துவக் குழு முன்னால் போய் நிற்கவேண்டும், அதனால் நாளைக் கடத்தாதீர்கள். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள், சொல்லவும் மாட்டார்கள். இரவுப்பறவை, பெண்ணின் ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி வையுங்கள்.

இரவுப்பறவை:
அது பீரோவில் இருக்கிறது. நாலு வட்டச் சீட்டு இன்னும் ஆச்சியிடம்தான்.