பிடிஆர்-70: ஒரு எஞ்சின் நின்னா வண்டி ஓடுமா, ஓடாதா?

எட்டுச்சக்கரன்: ரெண்டு பெட்ரோல் எஞ்சின் வச்சு வீரர்களை ஏத்திப் போற சோவியத் கவச வண்டிகள் பிடிஆர்-60, 70 பத்தி நேத்து துருவன் எழுதினதைப் படிச்சதும் எரிச்சலாயிடுச்சு. "பிடிஆர்-60, 70 ரெண்டுலயும் ஒரு எஞ்சின் போனா வண்டி படுத்துரும், அதனாலதான் சோவியத்காரன் 1986-ல ஒத்தை எஞ்சின் பிடிஆர்-80-ஐக் கொண்டுவந்தான்"னு எழுதியிருக்கீங்க. தப்பு. வலது எஞ்சின் 1, 3-ம் ஆக்சிலை (சக்கர அச்சை) இழுக்கும், இடது எஞ்சின் 2, 4-ஐ. ஒண்ணு நின்னா அந்தப் பக்க கியர்பாக்ஸைத் துண்டிச்சுட்டு மத்ததை வச்சு ஓட்டலாம். ஓடும்.

துருவன்: எதை ஓடும்ங்கிறீங்க? பிடிஆர்-60-ஓட பிபி வகை (60பிபி) 10.3 டன். ஒரு எஞ்சின்னா 90 குதிரைத்திறன். டன்னுக்கு 9 கூட வரலை. தார் ரோட்ல உருளும், சேத்துல இறங்கினா அவ்வளவுதான்.

எட்டுச்சக்கரன்: படுத்துரும்னுதானே சொன்னீங்க? இப்ப உருளும்ங்கிறீங்க. 70-ல எஞ்சினுக்கு 120, எடை 11.5 டன். ஒத்தை எஞ்சின்லயே டன்னுக்கு 10-க்கு மேல வருது. ஓடும்.

கிரீஸ்துணி: துண்டிக்காம ஓட்டினா என்ன ஆகும்னு ரெண்டு பேருமே எழுதலை. நின்ன எஞ்சினையும் சக்கரம் சேர்த்துச் சுத்தும், இருக்கிற கொஞ்ச சக்தியும் அதுலயே போகும். அதைவிடத் தினசரித் தொல்லை வேற. ரெண்டு கார்புரேட்டரும் ஒரே அளவுல இல்லைன்னா ஒரு எஞ்சின் முழு பாரத்தையும் சுமந்து சூடேறும். கியர் இணைப்புத் தண்டு சரியில்லைன்னா ஒரு பெட்டி கியர்ல விழும், இன்னொண்ணு விழாது. எல்லாமே ரெண்டு ரெண்டா பார்க்கணும். 80 வந்ததுக்குக் காரணம் இந்தப் பராமரிப்பும் பெட்ரோலும்தான்.

துருவன்: அதைத்தானே நான் சொன்னேன்!

எட்டுச்சக்கரன்: சொல்லலை. படுத்துரும்னு சொன்னீங்க. மேல அப்படியே இருக்கு. இன்னொண்ணு: 80-ல காமாஸ் கம்பெனி டீசல் எஞ்சின் 260 குதிரைத்திறன், எடை 13.6 டன். டன்னுக்கு 19. 70-ல ரெண்டும் ஓடினா 21 கிட்ட. டீசல் தந்தது வேகம் இல்ல, 300 லிட்டர்ல 600 கி.மீ. தூரமும் தீப்பிடிக்கிற பயம் குறைஞ்சதும்.

பக்கக்கதவு: எஞ்சினை விடுங்க. உள்ள இருக்கிற ஆளைப் பத்தி யாராவது யோசிச்சீங்களா? 60பிபி-ல கூரை மேல ஏறித்தான் குதிக்கணும், குண்டுக்கு நேரா. 70-ல 2-ம் 3-ம் சக்கரத்துக்கு நடுவுல ஒரு பொந்து, தவழ்ந்து வரணும். 80-லதான் மேல்பாதி முன்பக்கமா திறக்கும், கீழ்பாதி படியா விழும், வண்டி நகரும்போதே இறங்கலாம். எஞ்சின் பின்னாடி இருக்கிறவரைக்கும் பின்கதவு கிடையாது. உக்ரைன்காரன் பிடிஆர்-4-ல எஞ்சினைப் பின்னாடியிருந்து நடுவுக்குத் தள்ளித்தான் பின்கதவு வச்சான்.

துருவன்: ஆப்கான் மலையில கதவா பிரச்சினை? 70-ல 14.5 மி.மீ. துப்பாக்கி 30 பாகைக்கு மேல நிமிராது. மேட்டுல இருந்து சுடுறவனைத் தொடவே முடியாது. 80-ல 60 பாகை. அங்க பெட்ரோல் எஞ்சின் வெயில்ல திணறுச்சு, ஏத்தத்துல ஒண்ணு நின்னா...

எட்டுச்சக்கரன்: நின்னா இன்னொண்ணு இழுக்கும்.

துருவன்: ஏத்தத்துலயா? நாலு சக்கரத்துலயா? பத்து பேரோட?

எட்டுச்சக்கரன்: ஏத்தத்தை நீங்க இப்பதான் கொண்டுவந்தீங்க. போன மாசம் ருமேனியாக்காரன் 70-ஐ வச்சுச் செஞ்ச டாப்-77 வண்டி பத்தின பேச்சுலயும் இதே வேலைதான். அதுலயும் ரெண்டு எஞ்சின், ரெண்டும் டீசல். ரெட்டை எஞ்சின் அமைப்பே தோல்வின்னா அவன் ஏன் அதையே வச்சுக்கிட்டான்? அதுக்கு இன்னும் பதில் வரலை.

துருவன்: சொந்தத் தொழிற்சாலையில இருந்த எஞ்சினைப் போட்டான். இதுல என்ன பெருமை?

பக்கக்கதவு: 80-ஓட உடல்கூட்டை வச்சு நோனா 120 மி.மீ. பீரங்கி, பிரெம்-கே மீட்பு வண்டி எல்லாம் வந்துச்சு. ரெட்டை எஞ்சின் 60 மேலயும் பியு கட்டளை வண்டி வந்துச்சு. வண்டிக்குடும்பம்னு பேசுறவங்க அதையும் பேசலாம்.

எட்டுச்சக்கரன்: அதுக்குத் தனியா ஒரு திரி போடுங்க, வர்றேன். இங்க கேள்வி ஒண்ணுதான். துருவன், "படுத்துரும்"ங்கிற வார்த்தையைத் திருத்துறீங்களா இல்லையா?

துருவன்: மாட்டேன். 9 குதிரைத்திறனை ஓட்டம்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

எட்டுச்சக்கரன்: 70-க்கு 10.4. மறுபடியும் 60-ஓட கணக்கைத் தூக்கிட்டு வராதீங்க.