மறு: மூளைக்கட்டி வெளியே பரவினால் என்ன சொல்?

ரோஸ் ஹில் (மொரீஷியஸ்) ஆசிரியை:
வெள்ளிக்கிழமை பாடத்தாள் அச்சுக்குப் போகிறது. இளைஞர்களின் மூளைக்கட்டி நுரையீரல், எலும்பு என்று போய் ஒட்டும் அரிய நிலைக்கு மட்டும் சொல் அமையவில்லை. 'புறநரம்பு மாற்றிடமேறல்' சரியா?

கியூர்பிப் மருத்துவர்:
சரிவராது, டீச்சர். புறநரம்பு என்றால் கைகாலுக்குப் போகும் நரம்பு. இது நரம்பு மண்டலத்தையே விட்டு வெளியேறுவது. மூளைத் தண்டுவடத் திரவத்தோடு தண்டுவடத்துக்கு இறங்குவதும் இதில் சேராது, அது உள்ளேயே நடப்பது. கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக்கட்டி வெளியே போவது 100 பேரில் 2 பேருக்கும் குறைவு. போனால் நுரையீரல், நிணநீர்க் கணு, எலும்பு. சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா வெளியே போனால் பெரும்பாலும் எலும்புக்கும் மஜ்ஜைக்கும் போகும்.

போர்ட் லூயிஸ் ஐயா:
'புலம்பெயர்வு' இருக்க ஏன் அலைகிறீர்கள்? பட்டினப்பாலையில் 'புலம்பெயர் மாக்கள்' உண்டு. புலம் நிலமும் ஆகும், அறிவும் ஆகும். நரம்பு அறிவின் இடம்தானே? அங்கிருந்து பெயர்வது புலம்பெயர்வு.

குவாத்ர் போர்ன் தம்பி:
ஐயா, புலம்பெயர்ந்தவர்கள் நாம். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த பாட்டனுக்கு உரிய சொல்லைப் புற்றுக்குத் தருவதா? பட்டினப்பாலைக்காரர்கள் கலந்து இனிது உறைந்தவர்கள். இது போன இடத்தை அழிக்கிறது. புற்று வேறு உறுப்புக்குப் போவதை ஆஸ்பத்திரியில் எல்லாரும் பிரெஞ்சில் சொல்வது 'மெத்தாஸ்தாஸ்'. அதையே எழுதுவோம்.

ஐயா:
பிரெஞ்சை எழுத்துக்கூட்டத் தமிழ் வகுப்பு எதற்கு? சரி, தாய்க்கட்டி, சேய்க்கட்டி. சேய் என்றால் பிள்ளை, தொலைவும் அதுவே. ஒரு சொல்லில் இரண்டும் அடங்கிவிட்டது!

மருத்துவர்:
அழகுதான். ஆனால் மெடுல்லோபிளாஸ்டோமா குழந்தைகளுக்கே அதிகம். சேய்க்கட்டி என்றால் குழந்தைக்கு வரும் கட்டி என்றே படிப்பார்கள். டீச்சர் எழுதுவது இருபது, முப்பது வயதுக்காரர்களைப் பற்றி.

ஐயா:
அது படிப்பவர் குறை. சேய் முருகன் பெயர் என்பதையும் காவடி எடுக்கும் ஊரில் நான் சொல்லித்தர வேண்டுமா?

தம்பி:
அப்போ முருகன் கட்டியா, ஐயா?

ஆசிரியை:
போதும். 'நரம்பு மண்டலம் தாண்டிய பரவல்' என்று போடுகிறேன், மெத்தாஸ்தாஸ் அடிக்குறிப்பில் வரும்.

மருத்துவர்:
சரி.

தம்பி:
எனக்கும் சரி. தூக்கம் வருகிறது.

ஐயா:
எனக்குச் சரியில்லை. அது விளக்கம், கலைச்சொல் அன்று. தவிரவும், பரவல் காய்ச்சலுக்குச் சொல்வது. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகள் பயப்பட மாட்டார்களா?

மருத்துவர்:
அது நியாயம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்று ஒரு வரி சேருங்கள், டீச்சர்.

ஆசிரியை:
சேர்த்துவிட்டேன். சொல்லை மாற்றவில்லை.

ஐயா:
சேய்க்கட்டியை நான் விடுவதாக இல்லை.