அவசரம்: படத்தின் பின்னால் கரைந்து நிற்கும் மங்கலுக்கு ஒரு சொல் வேண்டும்

செம்போத்து எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் இங்கே பகிர்ந்துகொண்ட படங்களில் சிலவற்றைப் பொறுக்கி, எங்கள் பள்ளி இயற்கை மன்றத்துப் பிள்ளைகளுக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு போடுகிறோம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? வியாழன் மாலைக்குள் கோப்பு கைக்கு வரவேண்டும் என்கிறார் அச்சகத்துக்காரர். மற்றதெல்லாம் முடிந்தது. ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது.

மைனா அனுப்பிய ஊசித்தட்டான் படம் நினைவிருக்கும். வேலிக் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது, இறக்கை நரம்பை எண்ணிவிடலாம். பின்னால் வயலும் பனித்துளியும் ஓரமே இல்லாமல் வட்ட வட்டமாகக் கரைந்து கிடக்கின்றன. அப்புறம் கொக்கு எடுத்தது: மழை விட்ட இரவு, பேருந்து நிலையத் திண்டில் ஒரு டீ கிளாஸ், பின்னால் ஆட்டோ விளக்குகள் ஊதிப் பெருத்து நிற்கின்றன. கேமராக்காரர்கள் இதைப் 'போக்கே' என்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை என்ன சொல்லிக் கொடுப்பது?

'மங்கல்' என்று எழுதலாம்தான். ஆனால் ஐந்தாம் பக்கத்தில், கை ஆடிக் கெட்டுப்போன படத்துக்கும் அதையே எழுதியிருக்கிறேன். ஒன்று வேண்டாத மங்கல், இன்னொன்று வேண்டி வரவழைத்த மங்கல். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

ஒரு வேண்டுகோள். புகைப்படமா, ஒளிப்படமா, நிழற்படமா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கையேடு முழுக்கப் 'படம்' என்றுதான் இருக்கிறது.

கொக்கு எழுதியது:

அக்கா, போக்கே என்றே போட்டுவிடுங்கள். அது ஜப்பான்காரர்கள் சொல். 1997இல் ஓர் அமெரிக்க ஒளிப்பட இதழ் அதைப் பிடித்துக்கொண்டு, தப்பாகப் படித்துவிடக் கூடாதென்று வாலில் ஒரு 'எச்' ஒட்டி ஊருக்கெல்லாம் விட்டது. ஆங்கிலமே கடன் வாங்கிய இடத்தில் நமக்கு என்ன வெட்கம்? பையன்கள் நாளை யூடியூபில் தேடினாலும் அந்தச் சொல்தான் கிடைக்கும்.

தும்பை எழுதியது:

தம்பி, எங்கள் ஊரில் 'பொக்கே' என்றால் கல்யாண மேடைக்கு வாங்கிப்போகும் பூங்கொத்து. பூப்படத்துக்குக் கீழே அதை அச்சடித்தால் பிள்ளைகள் சரியாகவே புரிந்துகொள்வார்கள், தப்பான பொருளை.

புலவர் ஐயா எழுதியது:

அன்புடையீர்,

கடன் வாங்குவதைத் தமிழ் மறுத்ததில்லை. 'வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே' என்று தொல்காப்பியரே வழி காட்டியிருக்கிறார். நம் எழுத்துக்குள் அடங்கி வந்தால் வரட்டும். ஆனால் இங்கே கடன் என்ற பேச்சே எழவில்லை என்பது என் கருத்து.

ஜப்பானியச் சொல் 'பொகே'. நம் நாட்டுப்புறத்தார் புகையை எப்படிச் சொல்கிறார்கள்? 'பொகை.' பொருளும் அதேதான், உருவம் தெளியாமல் மூட்டமாயிருப்பது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தம் மொழியையும் தமிழையும் ஒப்பிட்டு நூல்களே எழுதியிருக்கிறார். நம் பொங்கலையும் அவர்களது சிறு புத்தாண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியவர். ஆக, வீட்டைவிட்டுப் போன பிள்ளை திரும்பி வந்து கதவைத் தட்டுகிறது. 'புகை' என்றே எழுதலாம்; வேண்டுமானால் 'பின்புகை'. தொடக்க காலத்தில் மக்னீசியத் தூளைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கியபோது எழுந்த புகையால்தான் 'புகைப்படம்' என்ற பெயரே வந்தது என்பாரும் உளர். ஒளிப்படம் என்போர்...

(அம்மா தடுத்திருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.)

மைனா எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். ஓனோவின் உழைப்பு பெரிது. ஆனால் அவர் முடிவை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அதை விடுங்கள், ஒலியே இடிக்கிறது. பழைய ஜப்பானியத்தில் சொல் முதலில் இருந்த 'ப' இன்றைக்கு 'ஹ' ஆகிவிட்டது. உங்கள் பொகை அந்தக் காலத்தில் அங்கே போயிருந்தால் இப்போது 'ஹொ' என்றுதான் தொடங்கும். பஸ் என்பதில் வருகிற மாதிரியான மெல்லிய 'ப' பழைய ஜப்பானியச் சொற்களின் முதலில் வருவதே இல்லை, தமிழைப் போலவே. மங்கிப்போவதைச் சொல்லும் 'பொகெரு' என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. வயதானவர்களுக்கு நினைவு தப்புவதையும் அதே வினையால் சொல்வார்கள்.

அக்காவின் சிக்கலுக்கு அவர்களிடம் விடை இருக்கிறது. குவியம் (ஃபோகஸ்) தள்ளிப்போனதால் வரும் மங்கல் 'பொகே'. கையோ பொருளோ அசைந்ததால் வரும் மங்கல் 'புரே'. எடுக்க நினைத்ததே தெளியாமல் போய்விட்டால் 'பின்பொகே'. இந்தப் 'பின்' நம் பின் இல்லை, ஐயா உடனே பாய வேண்டாம். டச்சுக்காரர்களின் 'பிரான்ட்புன்ட்' என்ற சொல்லைச் சுருக்கிப் 'பின்தோ' ஆக்கிக்கொண்டார்கள்; அதன் தலைதான் இது. பிரான்ட்புன்ட் என்றால் எரிபுள்ளி. கண்ணாடி வில்லையால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குவோமே, அந்தப் புள்ளி.

புலவர் ஐயா எழுதியது:

'தமிழைப் போலவே' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி.

எரிபுள்ளி என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. 1604இல் கெப்ளர் 'ஃபோகஸ்' என்று பெயரிட்டாரே, இலத்தீனில் அதற்கு என்ன பொருள் தெரியுமா? அடுப்பு! வீட்டின் நடுவில் தீ எரியும் இடம். நாம் 'குவியம்' என்று பாடநூலில் வைத்துக்கொண்டோம். அடுப்பிலிருந்து விலகியது புகை. ஆக, குவியத்திலிருந்து விலகியதும்...

செம்போத்து எழுதியது:

ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'தட்டானை அடுப்பில் வை, பின்னால் புகை வரும்' என்று நான் பிள்ளைகளுக்கு எழுத முடியாது.

எங்கள் கொங்குப் பக்கம் பொழுது சாய்ந்து ஆள் முகம் சரியாகத் தெரியாத நேரத்தை 'மசங்கற நேரம்' என்பார்கள். 'மசங்கல்' என்று வைத்தால் என்ன? பாட்டி வீட்டில் கேட்ட சொல், எந்தப் பிள்ளைக்கும் விளக்கவே வேண்டாம்.

பனங்கீற்று எழுதியது:

செம்போத்து அக்கா, மசங்கல் நல்ல சொல்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளங்காது. எங்கட பக்கம் அந்த நேரத்துக்கு 'மைமல்' என்போம். 'மைமலுக்குள்ள எங்க போறாய்' என்று அம்மா ஏசாத வீடு இல்லை. கையேட்டை இங்கேயும் ஒரு பள்ளிக்கூடத்தில் கொடுக்க விருப்பம். அப்படியென்றால் 'மைமல்' என்று போடலாமே. இன்னொன்று, ஆறாம் பக்கத்தில் 'லென்சு' என்று இருக்கிறது. எங்கட விஞ்ஞானப் புத்தகத்தில் 'வில்லை' என்றுதான் படித்தோம். அதை மாத்தினால் நல்லது.

புலவர் ஐயா எழுதியது:

அந்திக்கே போவதென்றால் 'மருள்' இருக்கிறதே. 'பதிமருண்டு பைதல் உழக்கும் மதிமருண்டு மாலை படர்தரும் போழ்து' (குறள் 1229). மயக்கம், மாலை இரண்டும் ஒரே குறளில். ஜப்பானியச் சொல்லிலும் அறிவு மங்குதல், காட்சி மங்குதல் இரண்டும் இருப்பதாக மைனா சொன்னதை இதோடு பொருத்திப் பாருங்கள். சங்கப் பாட்டில் வரும் 'மம்மர்' என்பதையும் கருதலாம்.

கொக்கு எழுதியது:

மம்மர் என்றால் பையன்கள் சிரிப்பார்கள் ஐயா.

மைனா எழுதியது:

அந்திச் சொல் எதுவுமே இங்கே பொருந்தாது என்பது என் எதிர்ப்பு. மசங்கல், மைமல், மருள் மூன்றிலும் வெளிச்சம் குறைகிறது. இந்த மங்கலில் வெளிச்சம் குறைவதே இல்லை.

குவியத்தில் இல்லாத ஒரு புள்ளி ஒளி, கேமரா உணரியில் புள்ளியாக விழாமல் தட்டாக விரிகிறது. தட்டின் வடிவம் லென்சுத் துளையின் வடிவம். துளையை முழுக்கத் திறந்து எஃப் 1.8இல் வைத்தால் (எஃப் எண் துளையின் அளவைச் சொல்வது; எண் கூடினால் துளை சிறுக்கும்) வட்டம் பெரிதாக வரும். துளையை மூடுகிற இதழ்கள் ஆறு என்றால், கொஞ்சம் மூடியதும் அறுகோணம். படத்தின் ஓரத்துக்குப் போகப் போக வட்டம் நசுங்கிப் பூனைக்கண் ஆகிவிடும். நடுவில் ஆடி வைத்த லென்சு ஒன்று உண்டு. அதில் நடு மறைவதால் வெறும் வளையங்களாக விழும். எஃப் 16க்குப் போனால் எல்லாம் சுருங்கி, பின்னாலிருக்கும் குப்பைத்தொட்டிகூடத் தெளிவாகத் தெரியும். அதாவது ஒளி பரவுகிறது, மங்கவில்லை. போவது ஓரம் மட்டும்தான். கொக்கின் ஆட்டோ விளக்கைப் பாருங்கள். என்ன பளிச்சென்று இருக்கிறது! அதைப் போய் மசங்கல் என்றால் எப்படி?

தும்பை எழுதியது:

ஓரம் போவதுதான் விஷயம் என்றால் 'குழைவு' என்று சொல்லலாமே. சோறு குழைந்துவிட்டால் என்ன ஆகிறது? அளவு குறைவதில்லை, வெள்ளை குறைவதில்லை. ஒரு பருக்கை எங்கே முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்பதுதான் தெரிவதில்லை. மைனா இரண்டு பத்தியில் சொன்னதை அடுப்படியில் ஒரு சொல்லில் சொல்லிவிடுவோம். குரல் குழைவு என்று பாட்டிலும் நல்ல பொருளில்தான் வருகிறது. கை ஆடிய படத்துக்கு மங்கல் இருக்கட்டும், வேண்டி வரவழைத்ததற்குக் குழைவு.

மைனா எழுதியது:

இது சரி. முழு ஆதரவு.

செம்போத்து எழுதியது:

தும்பை, கையைக் கொடுங்கள். 'பின்குழைவு' என்று போடட்டுமா?

புலவர் ஐயா எழுதியது:

இரண்டு தடைகள்.

ஒன்று, 'மோப்பக் குழையும் அனிச்சம் முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து' (குறள் 90). இங்கே குழைதல் என்பது வாடுதல். பூப்படத்தின் கீழே குழைவு என்று எழுதினால், படித்த பிள்ளை பூ வாடிவிட்டதாக அல்லவா எண்ணும்? 'மழவும் குழவும் இளமைப் பொருள' என்ற தொல்காப்பிய உரியியல் நூற்பாவைக் கொண்டு குழ என்பதற்கும் குழை என்பதற்கும் மென்மை வழியாக உறவு காட்டி இதைக் காப்பாற்றலாம். அதைத் தனியே விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு, 'பின்குழைவு' புணர்ச்சிப் பிழை. பின் + காலம் பிற்காலம். பின் + பகல் பிற்பகல். ஆகவே 'பிற்குழைவு' என்பதே முறை.

கொக்கு எழுதியது:

பின்புலம், பின்பக்கம் எல்லாம் எப்படி வந்தன ஐயா? 'பிற்குழைவு' என்றால் டைபாய்டு விட்ட பிறகு வரும் அசதி மாதிரி இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். பையன்கள் கையில் இருப்பது அப்பா அம்மா ஃபோன்தான். அதில் 'போர்ட்ரெயிட்' என்று அழுத்தினால் வருவது லென்சால் வரும் குழைவு இல்லை, கணக்குப் போட்டு ஃபோன் பூசுவது. 2016இல் ஐஃபோன் 7 பிளஸில் வந்த பிறகு எல்லா ஃபோனிலும் பரவியது. அதற்கும் இதே சொல்லா? நான் தட்டானை அப்படி எடுத்துப் பார்த்தேன். இறக்கை கண்ணாடி மாதிரி இருப்பதால் ஃபோனுக்கு அது முன்னாலா பின்னாலா என்று தெரியவில்லை. பாதி இறக்கையைப் பின்னணியோடு சேர்த்து அழித்துவிட்டது.

மைனா எழுதியது:

அது போலிக் குழைவு. ஃபோன் லென்சின் குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான், அதனால் இயல்பான குழைவு அதில் சுலபத்தில் வராது. ஆனால் கிட்டப் போனால் வரும். கையேட்டில் அதைத்தான் எழுத வேண்டும்: பூவுக்கோ பூச்சிக்கோ ஃபோன் தெளிவாகப் பிடிக்கிற அளவுக்கு மிக அருகில் போ, பின்னால் இருப்பது வெகு தூரத்தில் இருக்கும்படி நின்றுகொள். சுவரில் உட்கார்ந்த பூச்சிக்குப் பின்னால் குழைய எதுவும் இல்லை. கம்பியில் உட்கார்ந்த பூச்சிக்கு வயல் முழுக்க இருக்கிறது.

செம்போத்து எழுதியது:

இந்தக் கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், நன்றி மைனா.

சொல்லைப் பற்றி: பின், பிற் இரண்டும் வேண்டாம். 'பின்னணிக் குழைவு' என்று வைத்தால் ஐயாவுக்கும் புணர்ச்சித் தடை இருக்காது. முதல் தடவை வரும் இடத்தில் 'பின்னணிக் குழைவு', அப்புறமெல்லாம் வெறும் 'குழைவு'. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'கேமராக்காரர்கள் இதைப் போக்கே என்பார்கள்' என்று கொக்குக்காக ஒரு வரி. மறுப்பு இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

தும்பை எழுதியது:

ஆமோதிக்கிறேன்.

கொக்கு எழுதியது:

சரி அக்கா. எழுத்தை ரொம்பச் சின்னதாக்கிவிடாதீர்கள்.

பனங்கீற்று எழுதியது:

குழைவு எங்களுக்கும் விளங்கும், மறுப்பில்லை. ஆனால் இங்கே தனியாக அச்சடிக்கும்போது பொழுதுபட்ட நேரப் படங்களுக்கு 'மைமல்' என்றே எழுதப்போகிறேன், சொல்லிவிட்டேன். 'லென்சு' என்ற இடத்தில் 'வில்லை' என்று பேனையால் திருத்தித்தான் கொடுப்பேன்.

புலவர் ஐயா எழுதியது:

பெரும்பான்மைக்குப் பணிகிறேன். அனிச்சம் பற்றிய என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். 'பொகை' குறித்து ஒரு நீண்ட கட்டுரை அடுத்த வாரம் அனுப்புவேன்.

செம்போத்து எழுதியது:

கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. எல்லாருக்கும் நன்றி. ஏழாம் பக்கத்தில் 'ஷட்டர்' என்று இருக்கிறது. அதற்கு இனி யாரும் சொல் தேட வேண்டாம், அடித்தாகிவிட்டது.

புலவர் ஐயா எழுதியது:

அம்மா, 'ஷ' வடவெழுத்து. அதை ஒரீஇ, அதாவது விலக்கி, எழுத வேண்டுமென்று முன்பே சொன்னேனே. 'சட்டர்' என்று திருத்த நேரம் இருக்கிறதா?